க்ரோப்பன் மலை ஏறாத வால்புர்கா

எங்கள் எல்டிங்கன் ஊருக்குப் பெருமைப்பட்டுக்கொள்ள ஒரே ஒரு விஷயம்தான் உண்டு. அதையும் நாங்கள் செய்யவில்லை. ஊரின் தலைமாட்டில் நிற்கும் க்ரோப்பன் மலைதான் அது. எண்பது லட்சம் வருடங்களுக்கு முன்னால் நெருப்பைக் கக்கிவிட்டு, அதற்குப் பிறகு ஒரு தும்மல்கூடப் போடாமல் உட்கார்ந்திருக்கும் எரிமலை. எங்கள் ஊர்க்காரர்கள் பேசுவதைக் கேட்டால், போன வாரம்தான் நாங்கள் எல்லோரும் சேர்ந்து வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றி அதை அணைத்தது போலத் தோன்றும். உச்சியில் ஓர் இடிந்த கோட்டை. இடித்தவர்கள் பிரெஞ்சுக்காரர்கள், அதற்கும் பெருமை எங்களுக்குத்தான். தெற்குச் சரிவில் திராட்சைத் தோட்டம். அந்தத் திராட்சை மதுவை ஒரு மடக்குக் குடித்துவிட்டு வெளியூர்க்காரர்கள் "வித்தியாசமா இருக்கே" என்பார்கள். நாங்கள் அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொள்கிறோம்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்தால் ஊரே மலை ஏறும். மூட்டு வலிக்காரர்கள் இரண்டு கைத்தடியோடு ஏறுவார்கள். இருதய நோயாளிகள் மாத்திரையைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு ஏறுவார்கள். மேலே போய் ஒரு பீர் குடித்துவிட்டு, கீழே தெரியும் ஊரைப் பார்த்து, "எவ்வளவு அழகா இருக்கு நம்ம ஊரு" என்று சொல்லிக்கொண்டே இறங்குவார்கள். ஊர் அழகாகத் தெரிய அவ்வளவு தூரம் விலகிப் போக வேண்டியிருக்கிறது என்பது யாருக்கும் உறைத்ததில்லை.

இப்படிப்பட்ட ஊரில் நாற்பது வருடம் குடியிருந்தும் அந்த மலையில் கால் வைக்காத ஒரே ஆள் வால்புர்கா ஸ்பெக்கர். என் வீட்டுக்கு இரண்டு வீடு தள்ளி, மலையின் வடக்கு அடிவாரத்தில் இருந்தாள்.

அவள் பிறந்தது ஏரிக்கரைக் கிராமத்தில். அப்பா மீன் பிடிப்பவர். எல்டிங்கனில் இருந்த, வெந்நீரில் கரைத்துக் குடிக்கும் சூப் கட்டி செய்யும் ஆலையில் வேலை கிடைத்து வந்தவள், அங்கே தினமும் தபால் கொண்டுவந்த ஆல்ஃபோன்ஸைக் கல்யாணம் செய்துகொண்டாள். அறுபத்தெட்டாம் வருடம். கல்யாணத்துக்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமை மாமியார் வீட்டுக் கூட்டம் முழுக்க மருமகளை மலைக்கு அழைத்துப் போகத் தயாராக வாசலில் நின்றது. வால்புர்காவுக்குக் கல்யாணச் செருப்பு கடித்து இரண்டு குதிகாலிலும் கொப்புளம். அடுத்த வாரம் வருகிறேன் என்றாள். அவ்வளவுதான் நடந்தது. வேறு ஊராக இருந்தால் அதோடு முடிந்திருக்கும்.

மாமியார் அவள் காலைக் குனிந்து பார்த்தாள். "ஏரிக்கரைக் காலு. படகுல தொங்கப் போட்டுக்கத்தான் ஆகும்" என்றாள்.

"அப்படீங்களா அத்தை? அப்ப அந்த மலை இறங்கி வந்து என்னைக் கூப்பிடட்டும். வர்றேன்" என்றாள் வால்புர்கா.

மலை வரவில்லை. அவளும் போகவில்லை. கொப்புளம் ஒரு வாரத்தில் ஆறிவிட்டது, மற்றது ஆறவில்லை.

மாமியார் போய்ச் சேர்ந்த பிறகாவது போயிருக்கலாம். ஆனால் அதற்குள் ஊர் முழுக்க அவளை அழைக்க ஆரம்பித்திருந்தது. ஒரு காரியத்தை ஊரே சேர்ந்து செய்யச் சொன்னால் அதைச் செய்வது எவ்வளவு கஷ்டம் என்று உங்களுக்கும் தெரிந்திருக்கும். பாதிரியார் வந்து, "மேல போனா கடவுளுக்குக் கொஞ்சம் கிட்ட இருக்கலாம் அம்மா" என்றார். "நான் கீழேருந்தே பேசிக்கிறேன் ஃபாதர். அவருக்குக் காது நல்லாத்தான் கேக்குது" என்றாள். டாக்டர் ரத்த அழுத்தத்துக்கு மலை ஏறச் சொன்னார். அவள் பாதாள அறைப் படிக்கட்டில் உருளைக்கிழங்கு கூடையோடு ஏறி இறங்கி ரத்த அழுத்தத்தைக் குறைத்துக் காட்டினாள். மகள் ரோஸ்வித்தா சின்ன வயதில் அப்பாவோடு மலைக்குப் போய் வந்தவள்தான். வளர்ந்ததும் கல்யாணமாகி, மேடு என்று சொல்லவே ஒன்றுமில்லாத ஹாம்பர்குக்குப் போய்விட்டாள். யார் கட்சி என்று அதிலிருந்தே தெரிந்துகொள்ளலாம்.

இதில் ஆல்ஃபோன்ஸின் நிலைமைதான் பரிதாபம். பரிதாபம் என்று அவரே எல்லோரிடமும் சொல்லுவார். அவர் மலை நலச் சங்கத்தின் செயலாளர். காலையெல்லாம் தபால் பையோடு நடந்துவிட்டு, மத்தியானம் சாப்பிட்டதும் பொழுதுபோக்காக மலை ஏறுவார். ஓய்வு பெற்ற பிறகும் அது நிற்கவில்லை. தினமும் நாலு மணிவாக்கில் உச்சியில் கைப்பிடிக் கம்பி ஓரம் நின்று மனைவிக்காகத் தொப்பியை உயர்த்துவதாக அவர் சொல்லியிருந்தார். அவள் சமையலறை ஜன்னலிலிருந்து மேஜை விரிப்பை உதறிப் பதில் சொல்வாள். அவ்வளவு தூரத்தில் ஆள் தெரியாது, கோட்டைச் சுவர்தான் தெரியும். இருந்தாலும் தெருவில் போகிறவர்கள் அதைப் பார்த்து நெகிழ்ந்துபோவார்கள். என் மனைவிகூட, "நீயும்தான் இருக்கியே" என்று என்னைக் கேட்டிருக்கிறாள்.

ஆல்ஃபோன்ஸ் செயலாளராக இருந்து சாதித்தது கோட்டைக்குப் போட்ட வெளிச்ச விளக்குகள். பொழுது சாய்ந்ததும் கோட்டை மஞ்சளாக ஜொலிக்கும். அந்த வெளிச்சத்தில் பாதி வால்புர்காவின் படுக்கையறைக்குள் வந்து படுத்துக்கொள்ளும். பகலில் மலை அவள் வீட்டு வெயிலை மறைத்தது. குளிர்காலத்தில் மத்தியானச் சாப்பாடு முடிவதற்குள் அவள் வீட்டுக்கு அஸ்தமனம். ராத்திரி அதே மலை வெளிச்சம் போட்டது. "வேணுங்கிறப்ப இருட்டு, வேண்டாங்கிறப்ப வெளிச்சம். இதைப் போய் நான் மேல ஏறி விசாரிச்சுட்டு வரணுமாக்கும்" என்று ஜன்னலில் குளியல் துண்டைக் குத்திவைத்துக்கொண்டு தூங்குவாள்.

இப்படியே போயிருக்கும். ஆனால் ஊரின் பெயர் முதன்முதலில் ஏதோ ஒரு பழைய பத்திரத்தில் எழுதப்பட்டு எண்ணூறு வருடம் ஆகிவிட்டது என்று கண்டுபிடித்துவிட்டார்கள். விழா எடுக்க வேண்டியதாயிற்று. எங்கள் மேயர் கெர்னோட் பில்கர் சுறுசுறுப்பான ஆள்; எதையாவது திறந்து வைக்காவிட்டால் அவருக்குச் சோறு இறங்காது. விழாவுக்கு டிவிக்காரர்களைக் கூப்பிட்டுப் பார்த்தார். எண்ணூறு வருடம் எல்லா ஊருக்கும்தான் ஆகிறது என்று அவர்கள் வரவில்லை. அப்போதுதான் அவருக்கு வால்புர்காவின் ஞாபகம் வந்தது. நாற்பது வருடமாக மலை ஏறாத பெண்மணி விழாவன்று பாண்டு வாத்தியத்தோடு முதல்முறை ஏறுகிறார் என்றதும் டிவிக்காரர்கள் உடனே சம்மதித்துவிட்டார்கள். சம்மதிக்காதது வால்புர்கா மட்டும்தான். அவளிடம் பிறகு கேட்டுக்கொள்ளலாம் என்று மேயர் நினைத்திருந்தார்.

ஆப்பிள் கேக் ஒன்றை எடுத்துக்கொண்டு அவள் வீட்டுக்குப் போனார். நானும் போயிருந்தேன், பாண்டில் டூபா என்னும் பெரிய பித்தளைக் குழல் வாசிப்பவன் என்ற முறையில் பேச்சுவார்த்தைக்கு ஒரு கனம் இருக்கட்டும் என்று கூட்டிப்போனார்.

"ஸ்பெக்கர் அம்மா, ஊரே உங்களைத்தான் நம்பியிருக்கு."

"எண்ணூறு வருஷமா என்னைய நம்பியா இருந்துச்சு?" என்று காப்பியை ஊற்றினாள்.

"மேல உங்க பேர்ல ஒரு பெஞ்சு போடுறோம்."

"நான் கீழ இருக்கேன். பெஞ்சு மேல இருந்தா யாரு உக்காருவா?"

"சங்கத்தோட தங்க முலாம் பேட்ஜ் தர்றோம்."

"அது எங்க வீட்டுல ஏழு கிடக்கு. ஆல்ஃபோன்ஸ் கோட்டுல குத்திக் குத்தி ஓட்டை விழுந்து, தைச்சது நான்."

ஆல்ஃபோன்ஸ் தன் கேக்கையே பார்த்துக்கொண்டிருந்தார். மேயர் கடைசியாகக் குரலைத் தாழ்த்தி, "அப்படி என்னதாம்மா வேணும் உங்களுக்கு?" என்றார்.

"ராத்திரி அந்த விளக்கை அணைங்க."

மேயருக்கு முகம் சுருங்கியது. விளக்கில்லாத கோட்டை வெறும் கல் என்பது அவருக்கும் தெரியும். யோசிக்கிறேன் என்று எழுந்தார். போகும்போது மிச்சக் கேக்கையும் எடுத்துக்கொண்டு போனார்.

விழா ஞாயிற்றுக்கிழமை. அதற்கு முந்தின வியாழக்கிழமை மத்தியானத்திலிருந்தே தூறல். ஆல்ஃபோன்ஸ் வழக்கம்போலப் போனார். வால்புர்கா வழக்கம்போல மேஜை விரிப்பை உதறினாள். ஆறு மணி தாண்டியும் ஆள் வரவில்லை. ரொட்டி, பாலாடைக்கட்டி எல்லாம் மேஜையில் எடுத்து வைத்தாகிவிட்டது. சாப்பாட்டு விஷயத்தில் ஆல்ஃபோன்ஸ் தவறுகிறவர் இல்லை. அவள் தீயணைப்பு நிலையத்துக்குப் போன் செய்தாள். தீயணைப்புப் படை அப்போது திருவிழாக் கூடாரத்தில், பீர் குழாய் சரியாக வேலை செய்கிறதா என்று சோதித்துக்கொண்டிருந்தது. போனை எடுத்தவன் சிரித்தான்.

"அவரு மலைமேல குடிசைக் கடையிலதான் இருப்பாரும்மா. என்னைக்கு இல்லாம இருந்தாரு? வேணும்னா நீங்களே போய்க் கூட்டிட்டு வாங்களேன்!"

இது அந்த ஆண்டின் மிகச் சிறந்த நகைச்சுவை என்று அவனுக்குத் தோன்றியிருக்க வேண்டும். பின்னால் கூடாரமே சிரிப்பது போனில் கேட்டது.

வால்புர்கா போனை வைத்தாள். தோட்டத்துக்குப் போடும் ரப்பர் செருப்பு, ஒரு குடை, ஏப்ரனைக்கூடக் கழற்றவில்லை. கிளம்பிவிட்டாள்.

அதற்குப் பிறகு நடந்ததை அவள் என் மனைவியிடம் சொல்லி, என் மனைவி என்னிடம் சொன்னாள். முதலில் அவளுக்கு வந்தது ஆத்திரம். நாற்பது வருடமாக இந்தப் பயல்கள் வியர்வையைத் துடைத்துத் துடைத்துச் சொன்ன கதையில் அது ஒரு பெரிய சிகரம். போய்ப் பார்த்தால் வழி நெடுகத் தார் போட்ட பாதை. வளைவுக்கு வளைவு பெஞ்சு. எதிரே ஒருத்தி கைக்குழந்தையை வண்டியில் வைத்துத் தள்ளிக்கொண்டு இறங்கி வந்தாள். "இதுக்கா பேட்ஜு?" என்று வால்புர்கா அவளிடம் கேட்டாளாம். வெளியூர்ப் பெண் பாவம், பயந்துபோய் வண்டியை வேகமாகத் தள்ளியிருக்கிறாள்.

உச்சிக்குச் சற்றுக் கீழே தெற்குப் பக்கம் பீர் விற்கும் குடிசைக் கடை. வியாழக்கிழமை விடுமுறை. அதன் பின்னால் விறகுக் கொட்டகையில் ஆல்ஃபோன்ஸ் உட்கார்ந்திருந்தார். கணுக்கால் சுரைக்காய் மாதிரி வீங்கியிருந்தது. பக்கத்தில் பாதி காலியான பீர் பாட்டில். கடைச் சாவி வைக்கும் இடம் செயலாளருக்குத் தெரியும்.

அவளைப் பார்த்ததும் அவர் வலியை மறந்துவிட்டார். "புர்கா! நீயா? மேலயா?"

"இல்ல, மலைதான் இறங்கி வந்துச்சு. காலை நீட்டு."

ஏப்ரனைக் கிழித்துக் கட்டுப் போட்டாள். போட்டுக்கொண்டே சுற்றும் முற்றும் பார்த்தாள். முன்னால் ஏரி, திராட்சைத் தோட்டம், தூரத்தில் மழை மூட்டம். ஊர் தெரியவில்லை.

"நம்ம வீடு எங்க?"

"அது அந்தப் பக்கம். உச்சிக்கு ஏறி, கோட்டையைச் சுத்திக்கிட்டுப் போகணும்."

"நீ தொப்பியைத் தூக்குற கம்பி?"

"அதுவும் அந்தப் பக்கம்தான்."

"நீ கடைசியா எப்ப அந்தப் பக்கம் போன?"

ஆல்ஃபோன்ஸ் கணுக்காலைப் பார்த்தார். "அந்தப் பக்கம் காத்து ஜாஸ்தி, புர்கா. பெஞ்சும் இல்ல. இங்கதான் பெஞ்சு."

"பெஞ்சும் பீரும்."

"ஆரம்பத்துல போய்ட்டுதான் இருந்தேன். சத்தியமா. ரோஸ்வித்தா பொறக்குற வரைக்கும் போனேன்."

ரோஸ்வித்தாவுக்கு அப்போது முப்பத்தாறு வயது. வால்புர்கா கட்டை இறுக்கி முடிச்சுப் போட்டாள். அவர் "ஐயோ" என்றார். மழையைப் பார்த்தாளாம். அழுகை வந்தது, ஆனால் சிரிப்பு முந்திக்கொண்டது என்று என் மனைவியிடம் சொல்லியிருக்கிறாள். கல்லுக்கும் சுவருக்கும் இத்தனை வருடம் துணியை ஆட்டியிருக்கிறாள். தெருவே பார்த்து நெகிழ்ந்திருக்கிறது.

"கோவமா புர்கா?"

"விரிப்புல ரொட்டித் தூள் கிடந்தா உதறித்தானே ஆகணும். உனக்காகன்னு நெனச்சுக்கிட்டா நீ?" என்றாள். அது பொய். ஆல்ஃபோன்ஸுக்கும் அது பொய் என்று தெரியும். இரண்டு பேரும் அதை அப்படியே விட்டுவிட்டார்கள்.

பீர் பெட்டி ஏற்றும் கைவண்டி கொட்டகையில் இருந்தது. அதில் செயலாளரை உட்காரவைத்து, குடையை அவர் கையில் கொடுத்து, தார்ப் பாதையில் இழுத்துக்கொண்டு இறங்கினாள். ஒரு வளைவில் பெயர்ந்து கிடந்த கல் தட்டி வண்டி கவிழப் பார்த்தது. வழியில் ஒரு ஈ காக்காய் இல்லை. எண்ணூறு வருடக் கொண்டாட்டத்துக்காக ஊரே கூடாரத்துக்குள் இருந்தது.

யாருக்கும் தெரியாமலே போயிருக்கும். ஆனால் ஆல்ஃபோன்ஸுக்குப் பொறுப்புணர்ச்சி அதிகம். மறுநாள் காலை காலில் மாவுக்கட்டோடு படுத்திருந்தவர், சங்கச் செயலாளர் என்ற முறையில் உண்மையைத் தெரிவிக்கக் கடமைப்பட்டிருக்கிறேன் என்று மேயருக்குப் போன் செய்துவிட்டார். தொப்பி விஷயத்தில் முப்பத்தாறு வருடம் தூங்கிய மனசாட்சி நல்ல நேரம் பார்த்து விழித்துக்கொண்டது. மேயர் ஷூ லேஸ்கூடக் கட்டாமல் ஓடி வந்தார். எங்கள் வேலிக்கு இந்தப் பக்கம் நான் களை பிடுங்கிக்கொண்டிருந்தேன். அவர் குரல் சாதாரணமாகவே மேடைக் குரல்.

"யாராவது பாத்தாங்களா?"

"புள்ள வண்டி தள்ளிட்டு வந்த ஒருத்தி பாத்தா. வெளியூரு."

"வெளியூரா? நல்லதாப் போச்சு. அப்ப நீங்க ஏறல."

"என் கெண்டைக்கால் ஏறினேங்குது."

"ஸ்பெக்கர் அம்மா, டிவி வருது! கலெக்டர் வர்றாரு! ஏற்கெனவே ஏறினவங்க மறுபடி ஏறுறதை யாரு பாப்பா? அது நம்ம ஊருல தினமும் நடக்குது!" பிறகு குரல் உடைந்தது. "சரி. பத்து மணிக்கு மேல விளக்கை அணைச்சுடறேன். எழுதித் தரணுமா?"

"வேண்டாம். தெரிஞ்சுபோயிடும். ஜன்னல் இருக்கு."

ஞாயிற்றுக்கிழமை நல்ல வெயில். வால்புர்கா நீலச் சட்டை போட்டு, பாண்டுக்கு முன்னால் நடந்தாள். அவளுக்கு இரண்டு பக்கமும் மேயரும் கலெக்டரும், முன்னால் பின்னோக்கி நடந்துகொண்டே படம் எடுக்கும் டிவிக்காரர். மலை ஏறிக்கொண்டே டூபா வாசிப்பது எப்படி இருக்கும் என்று நான் சொல்லப் போவதில்லை. சொன்னால் அடுத்த தடவை யாரும் வாசிக்க வரமாட்டார்கள். ஒரு வளைவில் அவள் சட்டென்று, "மேயரே, பாத்து, அங்க கல்லு பேந்திருக்கு" என்றாள்.

டிவிப் பெண் மைக்கை நீட்டினாள். "உங்களுக்கு எப்படித் தெரியும்?"

மேயர் முகம் வெளுத்தது.

"மலைன்னா எங்கயாவது கல்லு இருக்கும்தானே" என்றாள் வால்புர்கா.

உச்சியில் நாங்கள் ஊரின் பாட்டை வாசித்தோம். மூச்சு இருந்தவர்கள் வாசித்தோம். குழந்தைகள் காகிதப்பூ தூவினார்கள். மேயர் தயாரித்து வந்த பேச்சில் "சரித்திரம்" என்ற சொல்லைப் பல இடத்தில் சொன்னார். பிறகு டிவிப் பெண் கேட்டாள்: "நாற்பது வருஷத்துக்கு அப்புறம் முதல் தடவையா இங்க நிக்கிறீங்க. என்ன தோணுது உங்களுக்கு?"

வால்புர்கா கொஞ்சம் யோசித்தாள். பொய் சொல்ல அவள் ஒத்துக்கொண்டிருக்கவில்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது, ஏறத்தான் ஒத்துக்கொண்டிருந்தாள்.

"நான் வியாழக்கிழமை வந்தேம்மா. அன்னைக்கு மழை. இன்னைக்குப் பரவாயில்ல."

மேயர் கண்ணை மூடிக்கொண்டார். பிறகு டிவிப் பெண் கலகலவென்று சிரித்தாள். கலெக்டர் சிரித்தார். ஊரே சிரித்தது. வாரப் பத்திரிகையில் அதை "எல்டிங்கன் பாட்டியின் குறும்பு" என்று போட்டார்கள். உண்மையை மலை உச்சியில் நின்று மைக்கில் சொன்னாலும் நம்ப ஆளில்லை என்று தெரிந்தபோது வால்புர்காவுக்கு என்னவோ போலிருந்ததாம். ஆனால் சாப்பாடு நன்றாக இருந்தது. உருளைக்கிழங்கு சாலட்டை இரண்டு தடவை வாங்கினாள்.

மேயர் பேச்சைக் காப்பாற்றினார். அதைச் சொல்லத்தான் வேண்டும். பத்து மணிக்கு விளக்கு அணைந்தது. ஒரு வருடம் கழித்து கோட்டையில் வௌவால்கள் குடிவந்தன. ஊராட்சியின் தொலைநோக்குப் பார்வைக்கு ஒரு சுற்றுச்சூழல் விருது கிடைத்தது. மேயர் அதைப் பெற்றுக்கொள்ளத் தலைநகருக்குப் போய் வந்தார். வால்புர்காவைக் கூப்பிடவில்லை.

ஊருக்குத்தான் நஷ்டம். அழைப்பதற்கு ஆள் இல்லாமல் போய்விட்டது. அதுவரை அவளைப் பார்த்தால் நின்று பேசியவர்கள் இப்போது தலையை ஆட்டிவிட்டுப் போனார்கள். சிலர், "என்ன, இந்த ஞாயித்துக்கிழமை மேல காணோமே?" என்றுகூடக் கேட்க ஆரம்பித்தார்கள்.

ஆல்ஃபோன்ஸின் கணுக்கால் சரியாகக் கூடவில்லை. அந்தக் குளிர்காலம் முழுக்க வீட்டில் உட்கார்ந்தார். நவம்பரில் ஒரு நாள், மத்தியானச் சாப்பாட்டுத் தட்டை எடுக்கும்போது சமையலறை இருண்டது. அவர் மேகம் என்று நினைத்து ஜன்னலைப் பார்த்தார்.

"என்ன புர்கா, வெயில் எங்க போச்சு?"

"மலைக்குப் பின்னாடி."

"தினமுமா?"

"பிப்ரவரி வரைக்கும்."

"இவ்வளவு வருஷமா?"

அவள் விளக்கைப் போட்டாள். அவர் ஜனவரி வரை தாக்குப்பிடித்தார். பிறகு சங்கத்துக்கு ராஜினாமா எழுதினார். உடல்நிலை காரணம் என்று எழுதினார்; அதில் பொய் ஒன்றும் இல்லை. வசந்தத்தில் வீட்டை விற்றார்கள். வாங்கியது ஸ்டுட்கார்ட்டிலிருந்து வந்த ஓர் இளம் ஜோடி. மலை பார்க்கத் தெரிகிறது என்பதற்காகவே கேட்ட விலைக்கு மேல் கொடுத்தார்கள். கோடை காலத்தில்தான் வந்து பார்த்தார்கள், பாவம்.

வால்புர்கா பிறந்த ஏரிக்கரைக் கிராமத்தில் இப்போது இரண்டு அறை வீட்டில் இருக்கிறார்கள். போன மாதம் நானும் என் மனைவியும் போய் வந்தோம். மாலை வெயில் வீடு முழுக்க இருந்தது. ஆல்ஃபோன்ஸ் வெயிலில் நாற்காலியைப் போட்டுக்கொண்டு, கண்ணைச் சுருக்கிக்கொண்டு, கொஞ்சம் அதிகமாகத்தான் அடிக்கிறது என்று முனகினார். வால்புர்கா வெங்காயக் கேக் சுட்டுவைத்திருந்தாள். எழுபதைத் தாண்டிவிட்டாள், காது கொஞ்சம் மந்தம், நாக்கு அப்படியே இருக்கிறது.

"அந்த ஸ்டுட்கார்ட் புள்ளைங்க எப்படி இருக்குதுங்க?"

"நல்லா இருக்காங்க. மலை நலச் சங்கத்துல சேந்துட்டாங்க."

"ரெண்டு பேருமா?"

"ரெண்டு பேரும்."

"அய்யோ" என்று சொல்லி, எனக்கு இன்னொரு துண்டு கேக்கை வெட்டி வைத்தாள். "அந்தப் பொண்ணையாவது நல்ல செருப்பா வாங்கிக்கச் சொல்லு."